பொய்த் தலைவலி

“தம்பி உன் வயித்துல இருந்தப்போ மாத்திரை போட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா.”

கேட்டேவிட்டேன்.

கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்த கேள்வி. விடிந்ததும் லாரிச் சாவியைத் தேடி எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உங்கம்மாகிட்ட எதை வேணும்னாலும் கேளு. சண்டைகூடப் போடு. இதை மட்டும் என்னைக்கும் கேட்டுடாதே.” அவருடைய லாரி இன்னும் மேம்பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. எனக்கு இருக்கிற பொறுமை அவ்வளவுதான்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்கும் விழுந்திருக்கும்.”

“விழட்டும். வக்கீல் இன்னிக்கு மூணு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்.”

அந்த வக்கீல் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதிலிருந்து நாங்கள் நாலு பேரும் நாலு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: கர்ப்ப காலத்தில் காய்ச்சலுக்கும் வலிக்கும் போடுகிற மாத்திரையைச் சாப்பிட்ட அம்மாக்கள் சிலர் சேர்ந்து மாத்திரைக் கம்பெனி மேல் வழக்குப் போடுகிறார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கலாம் என்று அட்டையில் எச்சரிக்கை போடவில்லை என்பது குற்றச்சாட்டு. “உங்க பையன் மாதிரிப் பிள்ளைங்களுக்காகத்தான்” என்று, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியைப் பேனாவால் காட்டினார். அப்பா அந்த நிமிஷமே வேண்டாம் என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. வேண்டும் என்றது நான் ஒருத்திதான்.

ஏன் வேண்டும்? தம்பிக்கு வயது பதினேழு. சட்டைப் பொத்தானை இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறாள். அம்மா அப்பாவுக்குப் பிறகு அவனுக்கு நான்தான்; நஷ்டஈடு வந்தால் அவனுக்கு ஒரு பிடிப்பு. இதை வாய்விட்டுச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்க வைத்தது யார்? படித்தவள் நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் மட்டும் கல்நெஞ்சக்காரியா?

“அடுத்த நிறுத்தம், பழைய தபால் நிலையம்” என்றான் தம்பி, கூடத்திலிருந்து.

அவனுக்கு வீட்டுப் பெயர் ரேடியோ. ஆறு வயது வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது பஸ்ஸில் ஒலிக்கிற அறிவிப்பாகத்தான் பேசினான். அதே பெண் குரல், அதே இழுப்பு. இன்றைக்கும் பசித்தாலும் பஸ்தான், பயந்தாலும் பஸ்தான். பழைய தபால் நிலையம் வந்தால், சண்டை போடாதீர்கள் என்று அர்த்தம்.

அம்மா குழாயை மூடினாள்.

“போட்டேன்” என்றாள்.

அழுவாள், கரண்டியை எறிவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றிருந்தேன். இந்த ஒற்றை வார்த்தைக்குத் தயாராக இல்லை.

“எத்தனை?”

“அதை எப்படிடி சொல்றது? பாதி அவங்க வாயிலேயே கரைஞ்சு போச்சே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரமாக அந்த முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

“யார் வாயில?”

கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மா காலை நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் அது லாண்டரிக் கதைதான்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி அது. அம்மாவுக்கு அப்போது அங்கே ரோலர் வேலை. ஈர விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே. உட்கார்ந்தால் வேகம் குறையும் என்று ஸ்டூல் கிடையாது. ஒருத்திக்கு வயிறு தெரிந்துவிட்டால் மறுநாளிலிருந்து அவளுக்கு வேலையும் கிடையாது.

“ஏப்ரனைத் தளர்த்திக் கட்டிக்கிட்டு ஏழு மாசம் ஓட்டினேன்” என்றாள் அம்மா. “மதியத்துக்கு மேல நான் நிக்கறேனா தொங்கறேனான்னு எனக்கே தெரியாது. இடுப்பு கழண்டு விழற மாதிரி இருக்கும். காய்ச்சல் மாத்திரை சூப்பர்வைசர் ரூம்ல, முதலுதவிப் பெட்டியில இருக்கும். நான் போய் அடிக்கடி கேட்டா ஏன் எதுக்குன்னு தோண்டுவான். அதனால எனக்குப் பதிலா கூட வேலை பார்த்தவங்க போவாங்க. இன்னிக்கு ஒருத்திக்குத் தலைவலி, நாளைக்கு இன்னொருத்திக்கு. அத்தனையும் பொய்த் தலைவலி.”

“வாங்கிட்டு வந்து உன்கிட்ட குடுத்துடுவாங்களா?”

“அங்கதான் சங்கதியே இருக்கு. அவன் கண் முன்னாடியே முழுங்கணும். வெளியில வித்துடுவோம்னு அவனுக்குச் சந்தேகம். இவளுங்க கன்னத்துல அதக்கிக்குவாளுங்க. முழுங்கின மாதிரி தலையை ஆட்டிட்டு, வாயைத் திறக்காம அந்த நீளத்துக்கும் நடந்து வருவாளுங்க. ரோலர் பக்கம் வந்ததும் என் உள்ளங்கையில துப்பிடுவாளுங்க. நான் கழுவிப் போட்டுக்குவேன்.”

“கருமம்!”

“கருமம்தான். விரிப்பு மடிக்கிற மடிப்பக்காவுக்கு அந்தக் கசப்புல நாக்கே மரத்துப் போச்சு. அவ புருஷன் என்கிட்ட வந்து நியாயம் கேட்டான். ‘என் பொண்டாட்டி பத்து நாளா உப்பை அள்ளிக் கொட்டறா, உங்க லாண்டரியில என்னதான் நடக்குது’ன்னு!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் லாண்டரிக்குத்தான் போவேன். அங்கே சக்கரம் வைத்த பெரிய துணி வண்டி ஒன்று இருக்கும். அப்போதுதான் ரோலரிலிருந்து வந்த விரிப்புகளின் மேல் என்னைத் தூக்கிப் போடுவார்கள். அந்தக் கதகதப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது. அந்த வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்தால், பெரியம்மா, அத்தை, அக்கா என்று நான் கூப்பிடுகிற யாராவது ஒருத்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரித்துக்கொண்டு என்னைக் கடந்து போவாள். பேசினால் பதில் வராது. ரோலருக்குப் பின்னால் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

வாய் திறக்காமல் நடக்கிற விளையாட்டு என்று நினைத்தேன். நானும் உதட்டை மூடிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்திருக்கிறேன். என் குழந்தைப் பருவத்தின் மிக நல்ல விளையாட்டு அது.

“உனக்கு அதெல்லாம் நல்ல காலமா?” என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடக் கரடுமுரடாக வந்தது.

“நல்ல காலம்தான்டி. எனக்காக வாய் கசந்தவங்க அத்தனை பேர் இருந்தாங்க. இப்ப யார் இருக்கா?”

“சரி. அதுல ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணும். மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்தவங்க வேணும்னு வக்கீல் கேக்கறார். மடிப்பக்கா பெரியம்மா இன்னும் அங்கதானே வேலை பாக்கறாங்க?”

சிரிப்பு நின்றது.

“அவகிட்ட போகாதே.”

“ஏன்?”

“அவ எனக்கு நல்லது பண்ணினதா நினைச்சுக்கிட்டிருக்கா. பதினேழு வருஷம் கழிச்சு நீ போய், அது விஷம்னு சொல்லாதே.”

“விஷம்னு நான் சொல்லலை.”

“வக்கீல் சொல்றதுக்கு வேற என்ன அர்த்தம்? படிச்சவதானே நீ?”

விஷமா என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவர் பூசி மெழுகவில்லை. “அந்தக் காய்ச்சல் மாத்திரையாலதான் உன் தம்பி இப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆராய்ச்சிகள் ஒரே மாதிரிப் பேசலை. இன்னைக்கும் கர்ப்பிணிகளுக்குத் தேவைன்னா நாங்க குடுக்கற மாத்திரை அதுதான். கடும் காய்ச்சலை அப்படியே விடறதும் குழந்தைக்கு ஆபத்து” என்றார். பிறகு ஒரு காகிதத்தில் அந்த மாத்திரையின் பெயரை எழுதி, அதன் கீழே இன்னொரு பெயரும் எழுதி, இரண்டாவதை வட்டமிட்டார். “இது வேற வகை. வீக்கத்துக்கும் மூட்டு வலிக்கும் போடறது. அஞ்சு மாசத்துக்கு மேல டாக்டர் சொல்லாம இதைத் தொடவே கூடாது. குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிக்கும், குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணி குறைஞ்சிடும்.”

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ‘யாராலயும் சொல்ல முடியாது’ என்ற பதில் எனக்கே பிடிக்கவில்லை.

“மூணு மணிக்கு ரேடியோவைக் கூட்டிக்கிட்டு வக்கீல் ஆபீசுக்கு வந்துடு” என்று பையை மாட்டினேன்.

“மடிப்பக்காகிட்ட போகமாட்டேன்னு சொல்லிட்டுப் போ.”

நான் சொல்லவில்லை. அம்மா அதைக் கவனித்தாள்.

* * *

நான் கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். உடைந்த கண்ணாடி, மாறிப்போன பார்சல் என்று நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குவதுதான் வேலை. என் சொந்தக் கோபத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு லாண்டரிக்குப் போனேன்.

“ரோலரம்மா பொண்ணுதானே? போ, போ” என்று வாட்ச்மேன் விட்டுவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. சூடுபட்ட பருத்தி, சோப்பு, நீராவி. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும். எனவே கோபமாகவே நடந்தேன்.

மடிப்பு மேஜைப் பக்கம் பெரியம்மா நின்றிருந்தாள். முடி வெளுத்திருக்கிறது, முட்டி வளைந்திருக்கிறது. குரல் மட்டும் அதே குரல்.

“வாடி பட்டதாரி! வழி தெரிஞ்சுதா? சும்மா நிக்காதே, அந்த முனையைப் பிடி.”

பையைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தேன். விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். இழுக்க வேண்டும், உதற வேண்டும், முனையோடு முனை சேர்த்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வர வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் வேலை முடிந்த பிறகு இப்படி மடிப்பார்கள். கிட்டே வரும்போது வேண்டுமென்றே நெற்றியை முட்டிக்கொள்வார்கள். வண்டிக்குள் இருந்து நான் கைதட்டுவேன்.

இழுத்தோம். உதறினோம். கிட்டே வந்தோம்.

“அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு பெரியம்மா.”

“ரேடியோ ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். புறப்பட்ட இடத்துலேர்ந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னான். நான் இறங்கிட்டேன்டா கண்ணான்னு சொன்னப்புறம்தான் போனை வெச்சான்.”

விலகிப் போனோம். இன்னொரு விரிப்பு.

“என் வாயில ஊறின மாத்திரையைத் தின்னு வளந்தவன்டி அவன்” என்றாள், கிட்டே வந்து. “அதான் இப்ப அவனுக்கு வாய் ஓய மாட்டேங்குது. உங்கம்மா சொல்லியிருக்காளா?”

“இன்னிக்குத்தான் சொன்னா.”

“ஏழு மாசம்! எனக்குத்தான் அதிகத் தலைவலி. அந்த சூப்பர்வைசர் பயந்துட்டான், எனக்கு மூளையில ஏதோ கட்டின்னு. கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னான்!”

இவளிடம் எப்படிக் கேட்பது? கையில் விரிப்பு இருந்ததால் தப்பித்தேன். அடுத்த மடிப்பில் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்கடுத்த மடிப்பிலும் தள்ளிப்போட்டேன்.

பெரியம்மா கண்ணால் ரோலர் பக்கம் காட்டினாள். அம்மா நின்ற அதே இடத்தில் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். ஏப்ரன் தளர்ந்து தொங்கியது.

“ஆறு மாசம்” என்று கிசுகிசுத்தாள் பெரியம்மா. “யாருக்கும் தெரியாது. அதாவது, எங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிக்குத் தலைவலி என் முறை.”

ஏப்ரன் பையைத் தட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்தது குறும்பு. பதினேழு வருஷத்துக்கு முந்தைய அதே குறும்பு.

“இன்னுமா அதக்கிக்கிட்டு வர்றீங்க?”

“சேச்சே. இப்ப இருக்கறவன் போனைப் பார்த்துக்கிட்டே அட்டையோட கிழிச்சுக் குடுத்துடறான். மாத்திரையும் முன்ன மாதிரி இல்லை. இது ரோஸ் கலர். இடுப்பு வலி, கால் வீக்கம் எல்லாத்தையும் ஒரே போடா போடும்.”

“குடுங்க, பார்க்கறேன்.”

அட்டைத் துண்டின் பின்பக்கம் திருப்பினேன். டாக்டரம்மா வட்டமிட்ட பெயர்.

என் கையிலிருந்து விரிப்பு நழுவியது. சலவை செய்த விரிப்பு தரையில் விழுந்தால் மறுபடி வெளுக்கப் போக வேண்டும். பெரியம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“பெரியம்மா, இதை அந்தப் பொண்ணுக்குக் குடுக்காதீங்க. வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. டாக்டர் என்கிட்ட எழுதியே காட்டினாங்க.”

“மாத்திரைதானேடி?”

“இது வேற மாத்திரை.”

பெரியம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகாதவள். மந்தமானவள் இல்லை. ரோலர் பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எங்கேயோ பார்த்தாள்.

“அப்போ நாங்க உங்கம்மாவுக்குக் குடுத்தது?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்யாகவே சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“அது காய்ச்சல் மாத்திரை. இதைவிட எவ்வளவோ மேல்.”

“அதனாலதான் ரேடியோ அப்படியா?”

“தெரியலை பெரியம்மா. டாக்டருக்கும் தெரியலை. வக்கீலுக்கு மட்டும்தான் தெரியுமாம்.”

வக்கீல் விஷயத்தை அப்படித்தான் அவள் தெரிந்துகொண்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

“ஆசையாத்தான்டி குடுத்தோம்” என்றாள்.

“தெரியும்.”

“உங்கம்மா நிக்க முடியாம நின்னா. பார்த்துக்கிட்டு இருக்க முடியலை.”

“தெரியும் பெரியம்மா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ரோலருக்குப் போனாள். அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் ஓடுகிற சாக்கடைக்குள் போட்டாள். அந்தப் பெண் முதலில் சாக்கடையைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவை.

“அப்போ நான் எப்படிக்கா நிக்கறது?” என்றாள்.

ரோலர் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பட்டம் வாங்கியவள் நான்தான். கீழே கிடந்த விரிப்பை எடுத்துச் சுருட்டினேன்.

திரும்பி வந்தவள் கேட்டாள்: “நீ புகார் ஆபீஸ்லதானே இருக்கே? ஸ்டூல் இல்லைங்கறது, வயிறு தெரிஞ்சா துரத்தறது, இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்றது?”

“தொழிலாளர் ஆபீஸ்ல.”

“ஷிப்ட் நாலு மணிக்கு விடும். நீ வந்து கூட்டிக்கிட்டுப் போ. அவளும் வருவா. இப்ப நடக்கறதையும் சொல்றேன், அப்ப நடந்ததையும் சொல்றேன். நீ வரலைன்னா நாங்களா போக மாட்டோம். அந்த மாதிரி ஆபீஸ் வாசல்ல நின்னா எங்களுக்கு நாக்கு எழும்பாது.”

“பார்க்கறேன் பெரியம்மா” என்றேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. பெரியம்மா அந்த ஆபீசில் எல்லாவற்றையும் சொன்னால், அது வழக்குக்கு நல்லதா கெட்டதா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதும் தம்பிக்கு வர வேண்டிய நஷ்டஈட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

* * *

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் வக்கீல் ஆபீஸ். அம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். ரேடியோவுக்குத் தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார், ரேடியோவுக்கு ஜன்னல் ஓர நாற்காலி கொடுத்தார்.

“மாத்திரை எங்கே வாங்கினீங்கம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். பொய்த் தலைவலி, கன்னத்தில் அதக்கிய மாத்திரை எல்லாவற்றையும். பெரியம்மாவைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை ஜட்ஜ் முன்னாடி சொன்னா கோர்ட்டே சிரிக்கும். எத்தனை சாப்பிட்டீங்கன்னு கேட்டா, பாதி அடுத்தவங்க வாயில கரைஞ்சு போச்சுன்னு சொல்வீங்களா? வேண்டாம். கடையில வாங்கினீங்க. தினம் ஒண்ணு போட்டீங்க. அட்டையில எச்சரிக்கை இல்லை. அவ்வளவுதான்.”

“கடைன்னு சொன்னா மடிப்பக்கா பேரு வராதுல்ல?” என்றாள் அம்மா.

“யார் பேரும் வராதும்மா.”

“சாட்சிக்கும் கூப்பிட மாட்டீங்க?”

“தேவையே இல்லை. பொண்ணு சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்.”

ஒரு வாரமாக இறுகியிருந்த அம்மாவின் தோள்கள் இறங்கின. “அப்போ சரி” என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. காலையில் நான் கத்தியது இதற்குத்தானே?

“சார், அவங்களை நிக்க வெச்சது? ஸ்டூல் குடுக்காதது? வயிறு தெரிஞ்சா துரத்தினது?”

“அது வேற சங்கதி. அதைக் கொண்டுவந்தா, வேலையாலதான் பாதிப்புன்னு மாத்திரைக் கம்பெனி நழுவிடும். லாண்டரிங்கற பேச்சே எடுக்காதீங்க.” பிறகு தட்டச்சு செய்து வைத்திருந்ததை வாசித்தார். “‘எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டேன். அதனால் என் மகனுக்கு ஏற்பட்டுள்ள நிரந்தரப் பாதிப்பு...’”

“அடுத்த நிறுத்தம், நிரந்தரப் பாதிப்பு” என்றான் ரேடியோ.

அதே பெண் குரல். அதே இழுப்பு. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

அம்மா எழுந்து போய் அவன் காலரைச் சரிசெய்தாள். “அது நம்ம ஸ்டாப் இல்லை கண்ணு. நாம அங்க இறங்கறதில்லை.”

சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். எனக்குப் புரியவில்லை.

“அம்மா, அதைக் கேட்டப்புறமுமா கையெழுத்துப் போடறே?”

“எங்களுக்கப்புறம் இவனுக்கு யாருன்னு ஒரு வாரமா கேட்டியே. நீதான்னு நீயே சொல்லிக் காட்டினே. உன் தலையில இவனை வெறுங்கையோட இறக்கி வைக்க எனக்கு மனசில்லை. அவ பேரும் வராதுங்கறார். அப்புறம் என்ன?”

என் வாயிலிருந்து போனதுதான் திரும்பி வந்தது. சுவர்க் கடிகாரம் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோலர் பெண் இப்போது மாத்திரை இல்லாமல் நின்றுகொண்டிருப்பாள். ‘எப்படிக்கா நிக்கறது?’

கடை என்று அம்மா எழுதிவிட்டால், அந்த லாண்டரியே இல்லை. வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தவர்கள் இல்லை. நெற்றியை முட்டிக்கொண்டவர்கள் இல்லை. அம்மா அங்கே நிற்கவே இல்லை. இன்றைக்கு நிற்கிறவளும் இல்லை.

“நீங்க இங்க போடணும்” என்று வக்கீல் என் பக்கம் காகிதத்தைத் திருப்பினார்.

“போட மாட்டேன் சார்.”

“காலையில நீதானேடி குதிச்சே?” என்றாள் அம்மா.

“குதிச்சேன். பொய் எழுதிக் குடுன்னு குதிக்கலை.”

பையை எடுத்தேன்.

“எங்கே போறே?”

“லாண்டரிக்கு.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. “அவகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி.”

“அவங்க இன்னமும் அதையேதான் பண்ணிக்கிட்டிருக்காங்கம்மா. உன் இடத்துல இன்னொரு பொண்ணு நிக்கறா, ஆறு மாசம். இப்ப குடுக்கறது வேற மாத்திரை, நிஜமாவே ஆபத்தானது. பெரியம்மா தொழிலாளர் ஆபீசுக்கு வர்றாங்க. உன் விஷயத்தையும் சேர்த்துத்தான் சொல்லப் போறாங்க. நீ இதுல கடைன்னு எழுதினா, ரெண்டுல ஒண்ணு பொய்ன்னு ஆயிடும்.”

வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அவசரப்படாதீங்கம்மா. ஒரு ரெண்டு மாசம் பொறுங்க. இதைத் தாக்கல் பண்ணிடறேன். அப்புறம் எந்த ஆபீசுக்கு வேணும்னாலும் போங்க.”

“ரெண்டு மாசத்துல அவளுக்குப் பிரசவமே நெருங்கிடும் சார்.”

“உங்க தம்பிக்கு வர வேண்டியது போயிடும். யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“அவனை நான் பார்த்துக்கறேன்.”

ஒரு வாரமாக இதே வார்த்தைகளைத்தான் பயந்து பயந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொன்னபோது பயமில்லை. கோபம் மட்டும் இருந்தது. அது எனக்குப் பழக்கமானதுதான்.

கதவைத் திறந்தேன்.

“பட்டதாரி!”

அம்மா என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. அது லாண்டரிப் பெண்கள் கூப்பிடுகிற பெயர். அதில் இருந்தது ஆத்திரமா, கெஞ்சலா, அல்லது என்னையும் கூட்டிப் போ என்பதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கதவுக்கு வந்தபோது பேனா அவள் கையில்தான் இருந்தது.

திரும்பினால் நின்றுவிடுவேன். எனவே திரும்பவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, தெருவுக்கு வந்து, லாண்டரி இருக்கும் திசையில் ஓட ஆரம்பித்தேன்.